முதல் வாத்தியார்

(வேப்பூரில் இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூர்க்காரர்களுக்கு வேப்பூர் என்றால் சென்னை-திருச்சி சாலையில் வருகிற கூட்டுரோடும் ஆட்டுச்சந்தையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டுரோட்டிலிருந்து நடந்து வரும்போது ஒரு வீட்டுத் திண்ணையில் சரளி வரிசை கேட்டது. வில் நடுங்கியது, காந்தாரம் இறங்கியிருந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை, திரும்பத் திரும்ப அதே வரிசையை வாசித்தது. அப்படி ஒரு பிள்ளையைத் திரும்ப வாசிக்க வைப்பது யார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வயலின் நம் வாத்தியம் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். அது நம் கைக்கு வந்ததே ஓர் ஆசிரியர் வழியாகத்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786-இல் பிறந்தவர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் சின்னையா முதலியாரின் ஆதரவில் இருந்த காலத்தில் அவருக்கு ஐரோப்பிய இசையில் ஆர்வம் வந்தது. முதலியார் ஓர் ஐரோப்பிய வயலின்காரரை ஏற்பாடு செய்து கொடுத்தார். மூன்று ஆண்டுகள் பாடம் நடந்தது. அதன்பின் பாலுசுவாமி நம் ராகங்களை அந்த வாத்தியத்தில் வாசித்துக் காட்டினார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார்.

அந்த ஐரோப்பியர் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கமகமோ ராக பாவமோ அவர் பாடத்தில் இருந்திருக்காது. வில்லைப் பிடிப்பது, தந்தியை அழுத்துவது, நல்ல நாதத்தை வரவழைப்பது, இவ்வளவுதான் அவரால் தர முடிந்திருக்கும். அது போதுமானதாக இருந்தது. பாலுசுவாமியை நாம் கொண்டாடுகிறோம், தஞ்சை நால்வரில் ஒருவரான வயலின் வித்வான் வடிவேலுவைக் கொண்டாடுகிறோம். மணலிக்கு வந்து பாடம் சொன்ன மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் வாத்தியார்களின் நிலைமை அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் இப்படித்தான். ஒரு வித்வானை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் கடைசிக் குருவின் பெயர்தான் வரும். அந்தக் குருவிடம் போய்ச் சேரும்வரை பிள்ளை வாத்தியத்தைக் கீழே வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்திருப்பார். என் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட வேலை அவருடையது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வயலினைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. விரலை மெட்டில் வைத்தால் ஸ்வரம் ஏறக்குறைய அதன் இடத்தில் வந்து நிற்கும். வயலினில் ஒரு கோடுகூடக் கிடையாது. முழு அளவு வயலினில் தந்தி அதிர்கிற நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அதில் ஷட்ஜத்தை அடுத்த சுத்த ரிஷபம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அரை அளவு, கால் அளவு வயலின்களில் இன்னும் நெருக்கம். நாம் பாடத்தை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறோம். அந்த ராகத்தில் முதல் விரல் ரிஷபத்துக்காகப் பின்னால் ஒட்டி நிற்க வேண்டும், இரண்டாம் விரல் காந்தாரத்துக்காக நன்றாக எட்டிப்போக வேண்டும், மூன்றாம் விரல் மத்திமத்துக்காக அந்த இரண்டாம் விரலை ஒட்டிக்கொள்ள வேண்டும். எட்டு வயதுக் கைக்கு இது சிரமம். இதெல்லாம் இடது கை மட்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்து, வலது கையில் வில்லை எடுத்துக் குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவே கோணாமல் இழுக்க வேண்டும். கோணினால் கீச்சென்று கத்தும். அழுத்தினால் கரகரக்கும். அழுத்தாவிட்டால் சத்தமே வராது.

ஆகவே முதல் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு, வீட்டில் கேட்பது இசையாக இருக்காது. பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். அண்ணன்காரன் காதைப் பொத்திக்கொள்வான். பாட்டு கற்கிற பிள்ளை முதல் வாரத்திலேயே ஏதோ ஒன்றைப் பாடிக் காட்டி வீட்டாரைச் சந்தோஷப்படுத்திவிடும். கீபோர்டில் கட்டையை அமுக்கினால் ஸ்வரம் சுத்தமாக வந்துவிடும். வயலின் பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தான் எழுப்புகிற சத்தத்தைத் தானே பொறுத்துக்கொண்டு, நாளை இது நன்றாக வரும் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை பிள்ளைக்கு உள்ளிருந்து வராது. வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியர் முதலில் ஒவ்வொரு பிள்ளையின் வயலினையும் வாங்கி, பிருடையைத் திருகி, ச-ப-ச-ப என்று நான்கு தந்திகளையும் தானே ஸ்ருதி சேர்த்துக் கொடுத்தார். பிறகு ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னார். காந்தாரம் வழக்கம்போல இறங்கி விழுந்தது. அவர் விரலைப் பிடித்து நகர்த்தவில்லை. அந்தக் காந்தாரத்தை நீட்டிப் பாடினார்.

"நான் பாடினதையும் கேளு, நீ போட்டதையும் கேளு. எது மேல இருக்கு?"

"நீங்க பாடினது சார்."

"அப்ப விரல என்ன பண்ணணும்?"

அந்தப் பெண் விரலை ஒரு நூலளவு தள்ளினாள். இன்னும் சேரவில்லை. மறுபடி பாடினார். மறுபடி தள்ளினாள். வயலின் உடம்பே சேர்ந்து ஒலிப்பது போல நாதம் நிறைந்தது. "இப்பதான் உட்கார்ந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் மூன்று காரியங்கள் நடந்தன. தப்பு என்ற சொல் வரவில்லை. தீர்ப்பு சொல்கிற வேலையை அவர் அந்தப் பெண்ணின் காதிடம் விட்டார். சரியாக வந்தபோது, வந்த அந்தக் கணத்திலேயே, வந்துவிட்டது என்று சொன்னார். அடுத்த நாள் வீட்டில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஆசிரியர் கூட இருக்கமாட்டார், காது மட்டும் இருக்கும். ஆதரவான ஆசிரியர் என்று நான் சொல்வது இப்படிப்பட்டவரை. எது வாசித்தாலும் சபாஷ் போடுகிறவரை நான் சொல்லவில்லை. பொய்யான சபாஷைப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் உண்மையான சபாஷுக்கும் மதிப்பு போய்விடும்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியறிஞர் தம் குழுவோடு சேர்ந்து 1985-இல் ஒரு நூல் வெளியிட்டார். பியானோ கலைஞர்கள், சிற்பிகள், ஒலிம்பிக் நீச்சல் வீரர்கள், டென்னிஸ் ஆட்டக்காரர்கள், கணித அறிஞர்கள், நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் என்று ஆறு துறைகளில் இளம் வயதிலேயே உச்சத்துக்குப் போன ஏறக்குறைய 120 பேரையும், அவர்களில் பலரின் பெற்றோரையும் பேட்டி கண்டு எழுதியது. பியானோக்காரர்கள் தங்கள் முதல் ஆசிரியரைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு மறக்கவே இல்லை. அந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெரிய கலைஞர்கள் அல்லர். பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள். அன்பாகப் பழகினார்கள், பிள்ளைகளை நேசித்தார்கள், பாடம் நடக்கிற நாளைப் பிள்ளை எதிர்பார்க்கும்படி வைத்திருந்தார்கள். நுணுக்கத்தைக் கறாராகக் கேட்கிற ஆசிரியர் அதற்குப் பிறகுதான் வந்தார். அந்த வரிசை மாறக்கூடாது என்பது என் எண்ணம். வாத்தியத்தின் மேல் ஆசை வந்த பிள்ளைதான் கறாரைத் தாங்கும்.

நம் நாட்டில் வயலின் மேதைகள் பலருக்கு முதல் வாத்தியார் வீட்டுக்குள்ளேயே இருந்தார். லால்குடி ஜெயராமனுக்கு அவர் தந்தை கோபால ஐயர். எம்.எஸ். கோபாலகிருஷ்ணனுக்குத் தந்தை பரூர் சுந்தரம் ஐயர், மகனுக்குக் கர்நாடக இசையோடு இந்துஸ்தானியையும் சேர்த்தே புகட்டியவர். இவர்களைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் நடந்ததை அவ்வளவாகக் கேட்டிருக்கமாட்டீர்கள். வி. லட்சுமிநாராயணா என்ற வித்வான் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தார். கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்தொடர்கிற வாத்தியமாகவே வயலினை நிறுத்திவிடக் கூடாது, அது தனித்து நிற்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவை வீட்டில் மூன்று மகன்களிடம் வளர்த்தார். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்தது. சொத்து போனது, ஊர் போனது, மகன்கள் கையில் வயலின் இருந்தது. மூத்தவர் எல். வைத்தியநாதன் திரை இசையமைப்பாளரானார். எல். சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரும் ஆனார், வயலினையும் விடவில்லை. எல். சங்கர் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலினோடு சக்தி குழுவில் வாசித்து உலகம் சுற்றினார். தந்தை நினைவாகச் சுப்பிரமணியம் 1992-இல் தொடங்கிய இசை விழா பல நாடுகளில் நடந்து வருகிறது. மூன்று பிள்ளைகளும் மூன்று திசையில் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே வாத்தியார், ஒரே வீடு, ஒரே கனவு, ஆனால் ஒருவர் இன்னொருவரின் நகலாக வரவில்லை.

இங்கே ஒரு பெரியவர் எழுந்து, "அந்தக் காலத்துக் குருமார் அடித்துத்தானே சொல்லிக்கொடுத்தார்கள், அதில்தானே மேதைகள் வந்தார்கள்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைசூர் சௌடையாவின் குரு பிடாரம் கிருஷ்ணப்பா கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் வயலின்காரர்கூட அல்லர், பாடகர். பாடியே சௌடையாவின் வயலினை உருவாக்கினார். காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீட்டுக்கு மிகச் சிறு குழந்தையாகப் போன ரங்கநாயகி ராஜகோபாலன் பட்ட பாடு வீணை உலகம் அறிந்தது. அவர் வாசித்த வீணையின் உயர்வும் வீணை உலகம் அறிந்தது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நமக்குத் தெரிந்தவர்கள் அந்தக் கடுமையைத் தாண்டி வந்தவர்கள் மட்டும்தானே? பாதியில் வயலினை வைத்துவிட்டு ஓடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் குருகுலங்களில் கண்டிப்போடு கூடவே வேறொன்றும் இருந்தது. குரு பிள்ளையோடு நாள் முழுக்க இருந்தார். சாப்பாடு போட்டார். பிள்ளை காலையிலிருந்து இரவுவரை நல்ல இசைக்குள்ளேயே கிடந்தது. இன்று வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறவர், அந்த உறவு எதுவும் இல்லாமல் கடுமையை மட்டும் கடன் வாங்கினால், பிள்ளையிடம் பயம்தான் மிஞ்சும். பயந்த பிள்ளையின் தோள் ஏறிக்கொள்ளும், வில் பிடித்த கை இறுகும். இறுகிய கையிலிருந்து நாதம் வராது.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இவான் கலாமியன் என்று ஒரு பெரிய வயலின் ஆசிரியர் இருந்தார். விரலும் வில்லும் எங்கே எப்படி என்று ஒவ்வொன்றையும் அவரே வகுத்துச் சொல்வார். அவருக்கு உதவியாளராக இருந்த டோரதி டிலே வேறு வழி. மாணவரிடமே கேள்வி கேட்பார், இந்த இடம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய் என்று. குழந்தையிலேயே போலியோவால் கால்கள் முடங்கிய இட்சாக் பெர்ல்மன் இந்த இருவரிடமும் படித்தவர். கறாரும் வேண்டியிருந்தது, கேள்வியும் வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பெர்ல்மன் ஆசிரியராக உட்கார்ந்தபோது கேள்வி கேட்கிற வழியைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டார்.

இனி, நல்ல ஆசிரியர் செய்கிற காரியங்களில் மிகக் கடினமான ஒன்றுக்கு வருகிறேன். பிள்ளையை அடுத்தவரிடம் அனுப்புவது.

துவாரம் வெங்கடசாமி நாயுடு 1893-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே பார்வை மங்கல், பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் வெங்கடகிருஷ்ணய்யா வயலினைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகை தெரியாத பையனுக்குக் காது இருக்கிறது என்று கண்ட அந்த அண்ணன் பெரிய ஆசிரியர். 1919-இல் ஆந்திரத்து விஜயநகரத்தில் மகாராஜா இசைக்கல்லூரி தொடங்கியபோது மாணவராகச் சேர துவாரம் அங்கே போனார். முதல்வராக இருந்த ஆதிபட்ல நாராயண தாஸ் அவர் வாசிப்பைக் கேட்டார். கேட்டுவிட்டு மாணவராகச் சேர்க்கவில்லை, வயலின் ஆசிரியராக நியமித்தார். 26 வயது. 1936-இல் அதே கல்லூரிக்குத் துவாரம் முதல்வரானார். தன் முன்னால் நிற்கிற இளைஞன் எந்த உயரத்தில் இருக்கிறான் என்று பார்த்து, அந்த உயரத்துக்கான நாற்காலியைக் கொடுக்க நாராயண தாஸுக்கு மனம் இருந்தது.

டி.என். கிருஷ்ணனின் கதை இன்னொரு விதம். திருப்பூணித்துறைக்காரர், தந்தை நாராயண ஐயரிடம் படித்தவர், சிறு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். தந்தை சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அடுத்த படிக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. ஆலப்புழை பார்த்தசாரதி என்ற இசை ஆர்வலர் அவரை அரியக்குடி, செம்பை போன்ற பெரியவர்களிடம் அறிமுகப்படுத்தினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் தம் அரவணைப்பில் வைத்துக்கொண்டு சென்னைக் கச்சேரி உலகில் இடம் பிடித்துக் கொடுத்தார். செம்மங்குடி பாடகர், பார்த்தசாரதி வித்வானே அல்லர். ஒரு வயலின் பிள்ளை வளர்வதற்கு வயலின் வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போதாது. கேட்கத் தெரிந்தவர், அழைத்துப் போகிறவர், நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறவர் எல்லோரும் வேண்டும்.

இங்கே இருக்கிற ஆசிரியர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். உங்களிடம் வர்ணம்வரை வந்துவிட்ட பிள்ளையை, உங்களுக்குத் தெரிந்தது முடிந்த பிறகும் சும்மா கையில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அனுப்பினால் வருமானம் குறையும், பேரும் அடுத்தவருக்குப் போகும் என்று தெரியும். நம் பக்கத்தில் அனுப்ப இடமும் இருக்கிறது. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் இசைக்கல்லூரி தொடங்கினார். டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றோர் பொறுப்பில் இருந்த இடம். நான் முன்னால் சொன்ன தஞ்சை நால்வரின் வம்சத்தில் வந்த பொன்னையா பிள்ளை அங்கே பேராசிரியராக இருந்தார். மணலியில் தொடங்கிய கதை நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்து நின்றிருக்கிறது.

பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரங்கேற்றத்துக்கு அவசரப்படாதீர்கள். அச்சில் வார்த்த பச்சைச் சாமானை ஈரம் காயுமுன் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும் என்று விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வேலை பார்க்கிற எவரும் சொல்வார். ஆறு மாதத்தில் கீர்த்தனை வாசிக்க வேண்டும், அடுத்த கோயில் திருவிழாவில் மேடை ஏற வேண்டும் என்று ஆசிரியரை நெருக்கினால், அவர் ஸ்வரம் சேராத பிள்ளையை மனப்பாடம் செய்ய வைத்து ஏற்றிவிடுவார். கைதட்டல் கிடைக்கும், காது கெட்டுப்போகும்.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்ற வயலின் ஆசிரியர் இருந்தார். 1898-இல் பிறந்து நூறாண்டை ஒட்டி வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாட்சுமோட்டோ ஊரில் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தார். பிள்ளையைச் சேர்க்க வருகிற தாயின் கையில்தான் முதலில் வயலினைக் கொடுப்பார். அம்மா ஒரு பாட்டு வாசிக்கும்வரை பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். அம்மா திணறுவதைப் பார்க்கும். பிறகு அதுவே வயலினைப் பிடுங்கும். உங்களை வயலின் கற்கச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு நாள் பின்னால் உட்காருங்கள். வீட்டில் பிள்ளை வாசிக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கேளுங்கள்.

அடுத்து, பத்தாம் வகுப்பு. நம் ஊர்களில் அந்த ஆண்டு வந்தால் வயலின் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. பொதுத் தேர்வு முடிந்து எடுக்கலாம் என்பார்கள், பிறகு பதினொன்று, பன்னிரண்டு, நீட். எடுக்கிற நாள் வருவதில்லை. பதினைந்து வயதில்தான் விரல் பழுத்து, கமகம் உட்காரத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் நிறுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆசிரியர்கள் இந்த இடத்தில் பெற்றோரிடம் பேச வேண்டும். புதுப் பாடம் வேண்டாம், தினம் இருபது நிமிடம் பழைய வர்ணங்களை வாசிக்கட்டும், வகுப்புக்கு மாதம் இரண்டு தடவை வந்தால் போதும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கை மறக்காமல் இருக்கும். படிப்பும் கெடாது.

இந்தப் பொறுப்பெல்லாம் யார் தலையில் இருக்கிறது என்று பாருங்கள். 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலிய பாடங்களுக்கு நியமித்தது. தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் உயர்ந்தது என்றாலும் ஒரு குடும்பம் நடத்தப் போதாத தொகை. தனியாக வகுப்பு எடுப்பவர் நிலையும் இதற்கு மேலே இல்லை. கட்டணத்தைக் கேட்கக் கூச்சப்படுகிற ஆசிரியர்கள்தான் அதிகம். மாதம் பிறந்ததும் நீங்களாகக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் வில் முடி உதிர்ந்தால், தந்தி அறுந்தால், விழுப்புரமோ சிதம்பரமோ போய் அவர் கைக்காசில் வாங்கி வரும்படி விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கட்டணம் பெரிய தடையாக இருக்கிற வீடுகளுக்கு ஒரு செய்தி. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவற்றோடு வயலினும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயதுவரை சேரலாம், வயலினுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். இங்கிருந்து தினமும் போய்வருவது சிரமம்தான். அதனால் பன்னிரண்டு வயதுவரை இங்கேயே, நம் ஊர்த் திண்ணையிலேயே ஒருவரிடம் பாடம் நடக்கட்டும். அதன்பின் எப்படி அனுப்புவது, எங்கே தங்க வைப்பது என்பதைப் பிள்ளையின் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். இன்றைக்கு ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் முன்வரிசைப் பிள்ளைகளின் வயலின்களை ஸ்ருதி சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.